லினக்ஸ் நிர்வாகிகளிடையே மேல் அம்புக்குறிப் பயன்பாடு: ஓர் ஆய்வு

சர்வர் நிர்வாகம் குறித்துத் தலையணை தலையணையாக நூல்கள் உள்ளன. ஃபயர்வாலுக்கு ஒன்று, கோப்பு முறைமைக்கு ஒன்று, பேக்கப்புக்கு இரண்டு. ஆனால் விசைப்பலகையின் வலக் கீழ்க்கோடியில், மூன்று உடன்பிறப்புகளுக்கு மேலே ஒண்டியாக உட்கார்ந்திருக்கும் மேல் அம்புக்குறி விசையை எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டத்துக்கு உரிய பொருளாகக் கருதியதாகத் தெரியவில்லை. நிர்வாகியின் நடுவிரல் சம்பள நேரமெல்லாம் குடியிருப்பது அங்கேதான். அக்குறையை நீக்குவது இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை பாஷ் ஷெல். இசட்-ஷெல் வைத்திருப்போர் தங்களுக்கெனத் தனித்துறை தொடங்கிக்கொள்ளலாம். அவர்களுக்கு எதற்கெடுத்தாலும் தனியாக ஒன்று இருக்கிறது.

கருதுகோள் வருமாறு: ஒரு கட்டளையைப் புதிதாக அடிக்க ஆகும் தட்டல்களைவிடப் பல மடங்கு தட்டி, அதே கட்டளையைத் தேடிப் பிடிப்பதில்தான் நிர்வாகி நிம்மதி காண்கிறார்.

இதை எண்கணிதத்தால் நிறுவலாம். 'எல்எஸ்' இரண்டே எழுத்து. என்டரோடு மூன்று தட்டு. மேல் அம்புக்குறியை ஒருமுறை தட்டி அதை எடுத்தால் லாபம். இரண்டு முறை என்றால் சரிக்குச் சரி. மூன்றாவது தட்டிலிருந்து நட்டம். இக்கணக்கை மறுக்கும் நிர்வாகி எவரும் இல்லை. கடைப்பிடிக்கும் நிர்வாகியும் இல்லை.

அற்றேல், விசையை விடாமல் அழுத்திப் பிடித்தால் அது ஒரே தட்டுதானே எனின், அற்றன்று. அழுத்திப் பிடித்தவர் வேண்டிய வரியில் நின்றதில்லை. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிய பயணி போல அவர் கீழ் அம்புக்குறியில் நடந்தே திரும்ப வேண்டும். திரும்பும்போதும் தாண்டுவார்.

தரவு திரட்டல்

ஒருவர் எந்தக் கட்டளையை அதிகம் அடிக்கிறார் என்று அறிய முறையான வழி உண்டு. 'ஹிஸ்டரி' தரும் பட்டியலின் இரண்டாம் பத்தியை 'ஆக்' கொண்டு பிரித்து, 'சார்ட்' கொண்டு அடுக்கி, 'யூனிக் -சி' கொண்டு எண்ணி, மறுபடி 'சார்ட் -ஆர்என்' கொண்டு பெரியது முதலாக அடுக்கி, 'ஹெட்' கொண்டு முதல் பத்தை மட்டும் எடுக்க வேண்டும். வரிக்கு வரி நேரத்தைக் காட்ட 'ஹிஸ்ட்டைம்ஃபார்மேட்' அமைத்திருப்போர் பத்தி எண்ணை மாற்றிக்கொள்க. மறந்தால் தாம் அதிகம் பயன்படுத்திய கட்டளை போன வெள்ளிக்கிழமை என்று விடை வரும்.

இம்முறைக்கு மேன்மையான குலமரபு உண்டு. 1986-இல் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' இதழில் ஜான் பென்ட்லி நடத்திய பகுதிக்காக, ஓர் உரையில் மிகுதியாக வரும் சொற்களைக் கண்டுபிடிக்கும் நிரலை டொனால்ட் க்னூத் எழுதினார். அழகான, நுட்பமான, நீளமான நிரல். அதை மதிப்பிட வந்தவர் டக்ளஸ் மெக்கில்ராய். யுனிக்ஸில் பைப் வரக் காரணமானவரே அவர்தான். பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறே கட்டளைகளைக் குழாய் மாட்டி முடித்துக் காட்டினார். அன்றிலிருந்து நிர்வாகிகளுக்கு நிரலாளர்கள் மேல் ஒரு செல்லமான இளக்காரம் இருந்துவருகிறது.

ஆனால் நம் ஆய்வுக்கு இம்முறை உதவவில்லை. என்டர் தட்டிய கட்டளையைத்தான் ஹிஸ்டரி குறித்துக்கொள்கிறது. அதை அடைய எத்தனை அம்புக்குறி தட்டினார் என்பதைக் குறிப்பதில்லை. தன் தடயத்தைத் தானே அழித்துக்கொள்ளும் ஆய்வுப் பொருள் இது. எனவே களஆய்வு ஒன்றே வழி. அதாவது, தட்டுபவரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பது. அங்கே நிற்கும் சீனியருக்கும் உட்கார்ந்திருக்கும் ஜூனியருக்கும் நடக்கும் உரையாடல் எந்த நிறுவனத்திலும் பெரிதாக வேறுபடுவதில்லை.

"தாண்டிட்டேப்பா."

"எங்க சார்?"

"ரெண்டு கீழ வா. இன்னும் ஒண்ணு. ஐயோ, மறுபடி மேல."

மூன்றாம் நிமிடத்தில் சீனியர் சொல்வார்: "விடு, புதுசாவே அடி." அதற்குள் ஜூனியருக்குக் கட்டளை கிடைத்துவிடும். கிடைத்தது பிழையான வடிவமாக இருக்கும். சரியாக அடித்ததையும் தப்பாக அடித்ததையும் ஹிஸ்டரி ஒரே மரியாதையோடு வைத்திருப்பதே இதற்குக் காரணம். ('எல்எஸ்' என்பதை 'எஸ்எல்' என்று புரட்டி அடிப்பவர்களுக்காகவே தொயோதா மசாஷி என்ற ஜப்பானியர் திரையின் குறுக்கே ஒரு நீராவி ரயிலை ஓடவிட்டிருக்கிறார். அந்த நிரலை நிறுவிவைத்தால் திருந்தலாம். ரயிலைப் பார்க்கவென்றே தப்பாக அடிப்போரும் உண்டு.)

விசையின் வரலாறு

தொடக்கத்தில் அம்புக்குறி இல்லை, ஆச்சரியக்குறி இருந்தது. பில் ஜாய் பெர்க்லியில் எழுதி, 1979-இல் பிஎஸ்டி-யின் இரண்டாம் வெளியீட்டோடு பரவிய சி-ஷெல்லில், முந்தைய கட்டளையை மறுபடி ஓட்ட !! என்று அடித்தார்கள். அதே ஜாய் 'விஐ' எழுதியது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில். பெயரைக் கண்டு பணம் எதிர்பார்க்க வேண்டாம். 1976-இல் வந்த அந்தப் பெட்டியில் அம்புக்குறிகளுக்குத் தனி விசையே கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் தலையிலேயே நான்கு அம்புகளும் அச்சாகியிருந்தன. மேல் நோக்கியது கே. 'விஐ'யில் இன்றும் மேலே போகக் கே தட்டுகிறோம். வீட்டுக் கோப்புறையை ~ என்று குறிப்பதற்கும் அதே பெட்டிதான் காரணம். ஹோம் என்ற சொல் அந்தக் குறியின் விசையிலேயே இருந்தது.

தனி விசை வந்த பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. 1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 வழியில், மேல் அம்புக்குறியைத் தட்டினால் கணினிக்குப் போவது ஓர் எழுத்தன்று, மூன்று: எஸ்கேப், ஒரு சதுர அடைப்பு, ஓர் 'ஏ'. 1989-இல் குனு திட்டத்துக்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ், ரீட்லைன் என்ற தன் துணை நூலகத்தைக் கொண்டு இந்த மூன்றையும் புரிந்துகொள்கிறது. புரியாத ஷெல்லில், உதாரணமாக டெபியனில் 'எஸ்ஹெச்' என்று அழைத்தால் வரும் டேஷில், அடைப்புக்குறிகளும் 'ஏ'க்களும் திரையில் வரிசையாக விழும். தட்டுபவர் இன்னும் வேகமாகத் தட்டுவார்.

இதனால் பெறப்படுவது யாதெனின், நம் கணக்கையே திருத்த வேண்டும். தொலைவிலுள்ள சர்வரைப் பொறுத்தவரை 'எல்எஸ்' இரண்டு எழுத்து, அம்புக்குறி மூன்று எழுத்து. ஆக முதல் தட்டே நட்டம்.

இரு பள்ளிகள்

முந்தைய கட்டளையை மீட்பதில் நிர்வாகிகள் இரு உரைமரபினராகப் பிரிந்து நிற்கின்றனர். ஏறிப் பார்ப்போர் ஒரு சாரார். கேட்டுப் பெறுவோர் மறு சாரார். பின்னவருக்கு ஆதாரம் கண்ட்ரோல்-ஆர். அதைத் தட்டிவிட்டுக் கட்டளையின் எந்தப் பகுதியையாவது நான்கு எழுத்து அடித்தால், அது வரும் ஆகக் கடைசிக் கட்டளை முன்னால் வந்து நிற்கும். வேண்டியது அதுவல்ல என்றால் மறுபடி கண்ட்ரோல்-ஆர். வேண்டாம் என்றால் கண்ட்ரோல்-ஜி. கொஞ்சம் திருத்தி ஓட்ட வேண்டுமானால் என்டர் தட்டாமல் பக்க அம்புக்குறியைத் தட்டி வரிக்குள் இறங்கலாம்.

முன்னவர் இதற்கு ஒரு தடை எழுப்புவர்: கண்ட்ரோல்-ஆர் அவசரத்தில் தாண்டிவிட்டால் திரும்பி வர கண்ட்ரோல்-எஸ் என்று கையேடு சொல்கிறது, ஆனால் அதைத் தட்டினால் திரையே உறைந்துவிடுகிறதே? தடை நியாயமானது. டெலிடைப் மாடல் 33 காலத்தில், துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவியை நிறுத்தக் கண்ட்ரோல்-எஸ், ஓட்டக் கண்ட்ரோல்-க்யூ. நாடா போய்விட்டது, அதிகாரம் போகவில்லை. இன்றும் கண்ட்ரோல்-எஸ் தட்டினால் டெர்மினல் மூச்சடக்கி நிற்கும். சர்வர் தொங்கிவிட்டது என்று போனை எடுப்பதற்கு முன் ஒருமுறை கண்ட்ரோல்-க்யூ தட்டிப் பார்ப்பது, தனிப்பட்ட முறையில் நான் எல்லாப் புதியவர்களுக்கும் வேலைக்குச் சேரும் நாளே சொல்ல விரும்பும் ஒரே விஷயம். 'எஸ்டிடிஒய் -இக்ஸான்' என்று பாஷ்ஆர்சி-யில் எழுதிவைத்தால் தொல்லையே இல்லை. கண்ட்ரோல்-எஸ் முன்னோக்கித் தேடும்.

ஆச்சரியக்குறி மரபும் இன்னும் அழியவில்லை. உரிமை இல்லை என்று ஷெல் கைவிரித்ததும் 'சுடோ !!' என்று அடிப்பது அதன் புகழ்பெற்ற எச்சம். !$ என்பது முந்தைய வரியின் கடைசிச் சொல். நீளமான பெயரில் கோப்புறை உருவாக்கியவர், அதற்குள் நுழைய அப்பெயரை மறுபடி அடிக்க வேண்டியதில்லை. ஆல்ட்டும் புள்ளியும் சேர்த்துத் தட்டினால் அதே சொல் கண்ணெதிரே வந்து விழும் என்பதால் அது இன்னும் பத்திரம். ஆச்சரியக்குறியின் குறை, கேட்காமல் ஓடிவிடுவது. 'ஷாப்ட்' கட்டளையால் 'ஹிஸ்ட்வெரிஃபை'யை இயக்கிவைத்தால், விரித்த வரியைக் காட்டிவிட்டு இரண்டாவது என்டருக்குக் காத்திருக்கும்.

இவ்விரு பள்ளிகளுக்கும் சமரசம் இல்லாமலில்லை. இன்புட்ஆர்சி கோப்பில் மேல் அம்புக்குறியை 'ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட்' என்ற செயலோடு இணைத்துவிட்டால், முதல் சில எழுத்துகளை அடித்துவிட்டு அம்புக்குறி தட்டும்போது அந்த எழுத்துகளில் தொடங்கும் கட்டளைகள் மட்டுமே வரும். எதுவும் அடிக்காமல் தட்டினால் பழைய அம்புக்குறியேதான். ஒரே வரிச் செலவு. இதைச் செய்து வைத்தவர் பிறர் மடிக்கணினியில் உட்கார்ந்தால் பாதி மனிதராகிவிடுவார் என்பதே இதிலுள்ள ஆபத்து.

பொது ரூட்டில் அம்புக்குறி

இதுவரை கண்டது விரல் நோவு. இனிக் காண்பது வேலை நோவு.

பல இடங்களில் நாலைந்து பேர் ஒரே ரூட் கணக்குக்குள் நுழைகிறார்கள். ஹிஸ்டரி கோப்பும் ஒன்றே. ஆனால் பாஷ் தன் நினைவில் வைத்திருப்பதைக் கோப்பில் எழுதுவது வெளியேறும்போதுதான். எனவே இரவுப் பணிக்கு வருபவர் ரூட்டாகி, லாகைப் பார்க்க 'டெய்ல் -எஃப்' வேண்டி மேல் அம்புக்குறி தட்டினால், முன்னால் வந்து நிற்பது பகல் பணிக்காரர் கிளம்பும்முன் கடைசியாக அடித்தது. அது டேட்டாபேஸை நிறுத்தும் கட்டளையாக இருக்கலாம். இருக்கிற இடத்திலுள்ள அனைத்தையும் நீக்கும் 'ஆர்எம்' ஆகவும் இருக்கலாம். பகலில் அவர் அதை ஒரு தற்காலிகக் கோப்புறையில் நின்று அடித்தார். இவர் நிற்பது வேறிடம். கட்டளைதான் ஹிஸ்டரியில் இருக்கும்; அவர் எங்கே நின்றார் என்பது இருக்காது. அம்புக்குறிக்கும் என்டருக்கும் இடையே விரலளவு தூரம். அதைக் கடக்கும் வேகத்தில் கண் வரியைப் படித்திருக்காது.

தற்காப்புகள் பல. 'ஹிஸ்ட்இக்னோர்' மாறியில் 'ஆர்எம்', 'ரீபூட்', 'ஷட்டவுன்' ஆகியவற்றின் வடிவங்களைக் குறித்துவிட்டால் அவை ஹிஸ்டரிக்கே போகமாட்டா. பிணமாகக் கிடப்பது அம்புக்குறியால் எழுந்து வராது. 'ஹிஸ்ட்கன்ட்ரோல்' மாறியில் 'இக்னோர்ஸ்பேஸ்' இருந்தால் முன்னால் ஓர் இடைவெளி விட்டு அடித்த கட்டளை பதிவாகாது. கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதும் கெட்ட பழக்கம் உள்ளவர்களுக்கு இது பாதிப் பரிகாரம். பாதி என்றது, 'பிஎஸ்' அடிக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கு அது தெரியவும் கூடும் என்பதால். ஆபத்தான நீண்ட வரியை அடித்து முடித்துச் சந்தேகம் வந்தால் ஆல்ட்-# தட்டுக: வரி குறிப்புரையாக மாறி, ஓடாமல், ஹிஸ்டரியில் போய் உட்காரும், யோசித்து எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. எதையும் நீக்குமுன் அதே வடிவத்தை 'எல்எஸ்' கொண்டு பட்டியலிடுக. நீக்க நினைத்தவை மட்டுமே வந்தனவா என்று பார்க்க. பிறகு ^எல்எஸ்^ஆர்எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டுக. முந்தைய வரியில் 'எல்எஸ்' இருந்த இடத்தில் 'ஆர்எம்' அமர்ந்து, கண்ணால் கண்ட அதே கோப்புகளை நீக்கும். அம்புக்குறிக்கு இதில் வேலையே இல்லை. வரியில் 'எல்எஸ்' கட்டளைக்கு முன்னால் வேறெங்கும் அந்த இரண்டெழுத்து வராமல் பார்த்துக்கொள்க. முதலில் தென்படுவது மட்டுமே மாறும்.

சர்வரை மாற்றி அணைத்துவிடும் நோய்க்கு டெபியனில் 'மாலி-கார்டு' என்ற பொதி உண்டு. எஸ்எஸ்ஹெச் வழியே வந்தவர் ரீபூட் அடித்தால் அந்த எந்திரத்தின் பெயரைக் கேட்கும். சரியாகச் சொன்னால்தான் அணையும். ஐபிஎம் 4341 ஒன்றின் பெரிய சிவப்பு ஸ்விட்சை ஒரே நாளில் இரண்டு முறை அமுக்கிய மாலி என்ற குழந்தையின் பெயரால் வழங்கிய காப்பு மூடியே முதல் மாலி-கார்டு என்று ஹேக்கர் அகராதி சொல்லும். அனுபவமிக்க நிர்வாகிகளிடமிருந்து சர்வரைக் காக்கும் பொதிக்கு ஒரு குழந்தையின் பெயர் வைத்ததில் தவறொன்றும் இல்லை.

ஹிஸ்டரியின் கொள்ளளவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாஷ் தானாக வைத்துக்கொள்வது 500 வரி. டெபியனும் உபுண்டுவும் சாதாரணப் பயனருக்கு 1000 என்று உயர்த்தியிருக்கின்றன. இரண்டு ஜன்னல் திறந்து வேலை செய்பவர் 'ஹிஸ்ட்அப்பெண்ட்' இயக்கி, 'ப்ராம்ப்ட்கமாண்ட்' மாறியில் 'ஹிஸ்டரி -ஏ' எழுதிவைத்தால், ஒவ்வொரு கட்டளையும் அப்போதைக்கப்போது கோப்புக்குப் போகும். 'கில் -9' வாங்கிய ஷெல்லோடு அன்றைய உழைப்பும் போகாது. இதை வைத்து யார் என்ன செய்தார் என்று பஞ்சாயத்து நடத்தலாகாது. அந்தக் கணக்குக்குள் நுழைந்த யாரும் திருத்தக்கூடிய கோப்பு அது. சாட்சி வேண்டுவோர் ஆடிட்டி-யை நாடுக.

மேலாய்வுக்கு உரியன

கண்ட்ரோல்-ஓ என்ற விசைச் சேர்க்கை தனி ஆய்வுக்குரியது. ஹிஸ்டரியில் ஏறி ஒரு பழைய வரியில் நின்று அதைத் தட்டினால், அந்த வரி ஓடி, அதற்கு அடுத்த பழைய வரி தானாக வந்து நிற்கும். நான்கு கட்டளைகளை வரிசையாகத் திரும்பத் திரும்ப ஓட்டுபவருக்கு இது வரப்பிரசாதம். அம்புக்குறியால் ஏறியவருக்கு ஏறியதற்கான முழுப் பயனும் கிடைக்கும் இடம் இது ஒன்றே. அதனால்தானோ என்னவோ ஏறுவோருக்கு இது தெரிவதில்லை. டேப் விசையைத் தேவையில்லாமல் இரண்டிரண்டு முறை தட்டுவதன் உளவியலும் ஆராயத்தக்கது. கீழ் அம்புக்குறியை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் போட்டி இருக்காது.