இடிக்கட்டும் ஹல்க்!

கே: ‘ஹல்க்’ வீடியோ கேமில் என் மகன் ஓயாமல் கட்டடங்களைத் தரைமட்டமாக்குகிறான். தடுக்கலாமா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

ப: வேண்டாம்; பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 2005-ல் வந்த ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்: அல்டிமேட் டிஸ்ட்ரக்‌ஷன்’ அருமையான ஆட்டம். காரை இரண்டாகக் கிழித்துக் கையுறையாக மாட்டிக்கொண்டு குத்தலாம். பஸ்ஸை நசுக்கி ஸ்கேட்போர்டாக ஓட்டலாம். ஊர் முழுக்க இஷ்டம்போல் சுற்றலாம்.

ஆட்டம் முடிந்ததும் தி.நகர் உஸ்மான் சாலைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே 2017 மே 31-ல் தீப்பிடித்த சென்னை சில்க்ஸ் கட்டடத்தை ஜா கட்டர் இயந்திரம் வைத்து இடிக்கவே நாள்கணக்கானது. ஹல்க்குக்கு இடிபாட்டை அள்ளும் வேலை இல்லை, ஊருக்கு உண்டு. இந்த வித்தியாசம் புரிந்த பிள்ளை தாராளமாக விளையாடலாம், ஹோம்வொர்க் முடித்தபிறகு!