தலைகீழாய் நின்ற எழுத்து

2018 மகளிர் தினத்தன்று கலிபோர்னியாவின் லின்வுட் ஊரில் மெக்டொனால்ட்ஸ் தன் மஞ்சள் 'எம்' எழுத்தைத் தலைகீழாக்கி 'டபிள்யூ' ஆக்கியது. 'விமன்' என்பதன் முதல் எழுத்து; பெண்களுக்கு மரியாதையாம். அதே ஆண்டு செப்டம்பரில் பத்து அமெரிக்க நகரங்களில் அதன் கடை ஊழியர்கள் பாலியல் சீண்டலுக்கு எதிராக வேலையை விட்டு வெளியே வந்தார்கள்.

யார் பொறுப்பு என்று கேட்டால்தான் வேடிக்கை. அமெரிக்காவிலுள்ள அதன் கடைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உரிமம் பெற்ற தனி முதலாளிகள் நடத்துபவை. உருளைக்கிழங்கு எத்தனை நிமிடம் எண்ணெயில் கிடக்க வேண்டும் என்பதைச் சிகாகோ தலைமையகம் விதிக்கும்; சமையற்கட்டில் மேலாளரின் கை எங்கே போகிறது என்பது மட்டும் உள்ளூர் முதலாளியின் பாடு. (பக்குவமான ஏற்பாடுதான்.) உலகமெங்கும் உள்ள கடைகளுக்குச் சீண்டல் தடுப்பு விதிகள் கட்டாயமானது 2022 ஜனவரியில்.

2025 ஜனவரியில், உயர் பதவிகளில் பெண்களையும் சிறுபான்மையினரையும் கூட்டத் தானே வைத்த இலக்குகளைக் கம்பெனி கைவிட்டது. பன்முகத்தன்மைக் குழுவை மட்டும் கலைக்கவில்லை, பெயரை மாற்றியதோடு சரி. குழுவில் இருப்பவர்களின் சம்பளத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.