மைனஸ் ஏ மகாத்மியம்

எழுத்துச் சிக்கனத்துக்கு யாராவது விருது கொடுப்பதாக இருந்தால், க்னூ மெயில்மேன் 2.1-ன் கட்டளைகளை வடிவமைத்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வந்து விழும் ஒரு மடலைக் குழுவில் இருக்கும் ஆயிரம் பேருக்கும் அனுப்பிவைக்கும் மென்பொருள் அது. பைத்தானில் எழுதப்பட்டது, 2.1 பதிப்பு 2002-ன் கடைசியில் வந்தது. சாதாரணக் குழு நிர்வாகிகள் உலாவியில் பட்டன் தட்டிப் பிழைத்துக்கொண்டார்கள். சர்வரின் கடவுச்சொல்லை வைத்திருந்த பாக்கியசாலிக்கு மட்டும் கருப்புத் திரையும், 'பின்' என்ற அடைவுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட குட்டி நிரல்களும் வாய்த்தன.

ஒரே கட்டளைக்குள் எல்லாவற்றையும் வைத்திருக்கலாமே என்பார்கள் சோம்பேறிகள். வைத்தால் நிர்வாகியின் ஞாபகசக்தி என்ன ஆவது? புதுக் குழு தொடங்க நியூலிஸ்ட். இதில் அடிக்கோடு கிடையாது. இருக்கும் குழுக்களைப் பார்க்க லிஸ்ட்_லிஸ்ட்ஸ், இதில் உண்டு. உறுப்பினரை நீக்க ரிமூவ்_மெம்பர்ஸ் என்று நீட்டி முழக்க வேண்டும். குழுவையே ஒழித்துக்கட்ட ஆர்எம்லிஸ்ட் போதும். சின்னக் காரியத்துக்கு நீளமான பெயர், பெரிய காரியத்துக்குக் கையடக்கமான பெயர். பதற்றத்தில் இருப்பவருக்கு எது சீக்கிரம் அடிக்க வரும் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்.

ஆனால் அவர்களின் மேதைமை முழுசாகத் தெரிவது மைனஸ் ஏ-யில்தான். கட்டளைக்குப் பின்னால் ஒரு கோடு போட்டுச் சேர்க்கும் ஒரே ஒரு எழுத்து. உறுப்பினரைச் சேர்க்கும் ஆட்_மெம்பர்ஸில் அதைப் போட்டால், நிர்வாகிக்குத் தகவல் அனுப்பலாமா கூடாதா என்று பொருள். லிஸ்ட்_லிஸ்ட்ஸில் போட்டால், வெளியே அறிவிக்கப்பட்ட குழுக்களை மட்டும் காட்டு. லிஸ்ட்_அட்மின்ஸில், எல்லாக் குழுக்களின் பொறுப்பாளர்களையும் காட்டு. ஆர்எம்லிஸ்டில், பழைய மடல்களின் சேமிப்பையும் சேர்த்து அழி. ரிமூவ்_மெம்பர்ஸில், குழுவில் உள்ள அத்தனை பேரையும் வெளியே அனுப்பு. காலையெல்லாம் மைனஸ் ஏ போட்டு ஆட்களைச் சேர்த்துப் பழகிய விரல், சாயங்காலம் ஒரே ஒருவரை நீக்கும்போது பழக்கதோஷத்தில் அதையே போட்டால், அந்த ஒருவர் தனியாகப் போக மாட்டார். ஊரே கூடப் போகும். "நிச்சயமாகத்தானா?" என்று கருவி ஒரு வார்த்தை கேட்காது. பெரியவர்கள் ஒன்று செய்தால் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது என்று அதை அப்படி வளர்த்திருக்கிறார்கள். குழுவின் அமைப்பில் இடம் இருந்தால், போனவர்கள் ஒவ்வொருவருக்கும் விடைகொடுக்கும் மடலையும் கையோடு அனுப்பிவிடும். அந்தப் பண்பாடு எந்தக் கருவிக்கு வரும்?

மைனஸ் என்-னும் லேசுப்பட்டதல்ல. உறுப்பினர் பட்டியலை ஒரு கோப்போடு ஒத்துப்போகச் செய்யும் சிங்க்_மெம்பர்ஸில் அது ஒத்திகை: என்ன நடக்கும் என்று சொல்லும், எதையும் தொடாது. அருமையான வசதி. அந்த நம்பிக்கையில் ரிமூவ்_மெம்பர்ஸுக்கும் மைனஸ் என் போட்டுப் பார்ப்பவருக்கு ஒத்திகை கிடைக்காது, அரங்கேற்றமே கிடைக்கும். அங்கே அதன் பொருள், நீக்கப்பட்டவருக்குச் சொல்லாதே என்பது. காரியமும் முடிந்துவிடும், சத்தமும் வராது.

ஒளிவுமறைவு இல்லாத குணத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. நியூலிஸ்ட்டுக்குக் குழுவின் பெயர், பொறுப்பாளரின் முகவரி, அவருடைய கடவுச்சொல் மூன்றையும் ஒரே வரியில் வெளிப்படையாகக் கொடுத்துவிடலாம். கொடுத்த கடவுச்சொல்லை ஷெல் தன் வரலாற்றில் எழுதிவைத்துக்கொள்ளும். பின்னால் வருகிறவர் யாரும் தேடி அலைய வேண்டாம். மாதம் பிறந்ததும் உறுப்பினர்களுக்கு அவரவர் கடவுச்சொல்லை மடலிலேயே எழுதி நினைவூட்டிய மென்பொருள் அல்லவா, நிர்வாகியிடம் மட்டும் ரகசியம் பாராட்டுமா?

பற்றறுத்தவர்களுக்கு வித்லிஸ்ட் இருக்கிறது. அது ஒரு குழுவை எடுத்து, பைத்தான் திரையில் உங்கள் கையில் கொடுத்துவிடும். எதை வேண்டுமானாலும் மாற்றலாம். சேமி என்று நீங்களாகச் சொல்லாமல் வெளியேறினால், செய்த மாற்றங்கள் அத்தனையும் போய்விடும். ஆனால் குழுவுக்குப் போட்ட பூட்டை மட்டும் பொறுப்பாகத் திறந்துவிட்டுப் போகும்.

அமைப்புகளை மாற்றும் கான்ஃபிக்_லிஸ்ட்டும் தாராள மனசுக்காரன். கொடுக்கும் கோப்பைப் பைத்தான் நிரலாகவே ஓட்டிவிடும். அதில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இவ்வளவு நயத்தையும் 2015-ல் வந்த மெயில்மேன் 3 கெடுத்துவிட்டது. மெயில்மேன் என்று ஒரே கட்டளை. மற்றதெல்லாம் அதற்குக் கீழே துணைக்கட்டளைகள். எதை எங்கே தேடுவது என்று புதிதாக வருகிறவனுக்கும் தெரிந்துவிடுகிறது. அனுபவஸ்தர்களுக்கு என்ன மரியாதை மிச்சம்? பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்த பிறகும் 2.1-ஐக் கட்டிக்கொண்டு இருப்பவர்களின் மனவலி எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. புதிய கட்டளையிலும், லிஸ்ட்ஸ் என்ற துணைக்கட்டளைக்கு மைனஸ் ஏ போட்டால் எல்லாக் குழுக்களும் வராது. அறிவிக்கப்பட்டவை மட்டும்தான் வரும். பரம்பரைச் சொத்து, அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவார்களா?