தீர்ப்போடு வருபவர்

“ஒண்ணுமில்லண்ணே, பேட்டரி போச்சு, மாத்திடுங்க.” ஒர்க்‌ஷாப் வாசலில் காரை விட்டு இறங்கும்போதே இப்படிச் சொல்பவருக்கு, வண்டி என்ன செய்கிறது என்று திருப்பிக் கேட்டால் கோபம் வரும். இரண்டாம் முறை கேட்டால், சாவியைத் திருப்பும்போது ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வருகிறது என்பதைப் போனால் போகிறதென்று சொல்வார். பேட்டரி இறங்கினாலும் அந்தச் சத்தம் வரும், டெர்மினலில் உப்புப் பூத்திருந்தாலும் வரும். இன்ஜின் ஓடும்போதும் மீட்டர் 14 வோல்ட் பக்கம் போகாமல் 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டரைத்தான் பார்க்க வேண்டும். புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும். ஏசி விஷயத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் “கேஸ் போடுங்க.” ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை, குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. சிக்னலில் நின்றால் அனல், ஓடினால் குளிர் என்றால் கண்டென்சர் ஃபேன் மேல்தான் முதல் சந்தேகம். அளவுக்கு மேல் கேஸ் ஏற்றினால் இருக்கிற கூலிங்கும் குறையும்.

இந்த இனத்தின் புது வாரிசு போனும் ஸ்கேனருமாக வருகிறார். திரையில் பி0171 என்ற கோளாறு எண்ணைக் கண்டதும் சென்னை ஜி.பி. ரோடு பார்ட்ஸ் கடையில் ஆக்சிஜன் சென்சார் வாங்கிவிடுகிறார். அந்த எண் சொல்வதெல்லாம் கலவையில் காற்று கூடிவிட்டது, அல்லது பெட்ரோல் குறைந்துவிட்டது என்பதுதான். கிழிந்த ரப்பர் ஹோஸ் ஒன்று போதும் அதற்கு. இவரோ சாட்சி சொன்னவனையே பிடித்து உள்ளே தள்ளுகிறார்.

தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரியாதா என்பார்கள். தெரியும், சத்தமும் நடுக்கமும் அவரைவிட யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் பார்ட் பெயரைச் சொல்வதுதான் சிக்கல். விவரம் தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ளாவிட்டால் மெக்கானிக் ஏமாற்றிவிடுவாரே என்ற பயத்தையும் ஒதுக்க முடியாது, அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நடப்பது நேர்மாறு. நேர்மையான மெக்கானிக் மறுத்துப் பேசிக் கெட்ட பெயர் வாங்குவார். காரியக்காரரோ “கரெக்டா சொன்னீங்க சார்” என்று பேட்டரியை மாற்றுவார், மறுபடி வண்டி நின்றால் ஆல்டர்னேட்டருக்கும் பில் போடுவார். ஏன் என்று கேட்டால் “நீங்கதானே சார் மாத்தச் சொன்னீங்க?” என்ற பதில் தயாராக இருக்கும். ஏமாறக் கூடாதென்று எடுத்து வந்த யூகம், ஏமாற்றுவதற்குக் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

ஆகையால் ஐயா, இன்ஜின் சூடாகும் முன்பா பின்பா, எந்த வேகத்தில், பிரேக் பிடிக்கும்போதா திருப்பும்போதா என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரியின் பெயரை மெக்கானிக் முதலில் சொல்லட்டும்.