14 இலக்கச் சமையல்காரன்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். இரண்டையும் பார்த்தாயிற்று. சேலையூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். கட்டியவர் பில்டர், நான் கட்டுவது தவணை. கல்யாணமாகி இருபது வருடம். மிச்சமிருந்தது மூன்றாவது: சமைத்துப் பார்.

எஸ்.மீனாட்சி அம்மாள் 1951-இல் கொண்டுவந்த புத்தகத்தின் பெயர் அது. சொந்தக்காரப் பெண்கள் பக்குவம் கேட்டுக்கொண்டே இருக்க, எல்லாவற்றையும் புத்தகமாகவே போட்டுவிடு என்று அவருடைய மாமா யோசனை சொன்னாராம். அம்மாவின் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. அட்டை இல்லை. ரசம் வரும் பக்கங்களில் நிஜமாகவே ரசம் இருக்கிறது. அந்தத் தலைப்பை அன்பான அழைப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். 'தைரியம் இருந்தா செஞ்சு பாரேன்' என்கிற தொனி, வேலையை விட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

சிறுசேரி ஆபீசில் பத்தொன்பது வருடம். காலையில் கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கிற நேரத்துக்கு ஒரு குக்கர் சாதம் வெந்திருக்கும். மேடவாக்கம் தாண்டுவதற்குள் குழம்பும் கொதித்திருக்கும். தினமும் இப்படிக் கணக்குப் போட்டதில்தான் புத்தி பிசகியது. ஞாயிற்றுக்கிழமை என் வத்தக்குழம்பைச் சாப்பிட்ட நண்பர்கள், "நீ ஒரு மெஸ்ஸே வைக்கலாம்ப்பா" என்றதை வேறு நம்பி வேலையை விட்டேன். ஓசிச் சாப்பாட்டுக்கு வேறெப்படிப் பாராட்டு வரும்? இது தெரியாத வயதா நாற்பத்தாறு?

முதல் வாரம் அடுப்பே பற்றவைக்கவில்லை. அம்மாவின் பிரதியில் அளவெல்லாம் ஆழாக்கு, பலம். ஒரு ஆழாக்கு 168 மில்லி, ஒரு பலம் 35 கிராம் என்று லேப்டாப்பில் எக்செல் திறந்து மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இதென்னடா, யாருக்கு ஜாதகம்?"

"சாம்பாருக்கும்மா."

"எந்தக் கட்டத்துல புளி இருக்கு?"

இருந்தது, எட்டாம் இடத்தில். சாம்பாரும் அப்படித்தான் அமைந்தது.

அடுத்து மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை. மூன்று கடைகளில் சின்ன வெங்காயம் விலை விசாரித்து, போனில் குறித்து, ஒப்பிட்டு, முதல் கடைக்கே திரும்பி வந்தேன். "அப்பவே வாங்கியிருக்கலாம்ல சார்? நல்லதெல்லாம் போயிடுச்சு" என்றார் கடைக்கார அம்மா. கருவேப்பிலைக் கொசுறும் கிடைக்கவில்லை. மூன்று நாட்டு ஆட்களுடன் ராத்திரி போனில் பேரம் பேசிய மனிதன் நான்.

விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். நான் பதிந்தபோது வருடத்துக்கு 100 ரூபாய். அதிகம் அலையவிடாமல் எண் வந்துவிட்டது. ஆபீசில் என் எண் ஆறு இலக்கம்; இது 14 இலக்கம். பதவி உயர்வு என்றே எடுத்துக்கொண்டேன். "சம்பளத்துல எத்தனை இலக்கம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மனைவி வேலைக்குக் கிளம்பினாள்.

வத்தக்குழம்பு முதல் மாதம் ஓரளவு போனது. செலவுக் கணக்கில் நல்லெண்ணெய், சுண்டைக்காய், டப்பா எல்லாம் சேர்த்திருந்தேன். இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரிக்கிற கூலியைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஆபீஸ் சம்பளமே தேவலை என்று வந்தது. ஆகவே இட்லி மாவுக்கு மாறினேன். உரிக்க ஒன்றுமில்லை, கிரைண்டர் பார்த்துக்கொள்ளும்.

இட்லி அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று. ராத்திரி ஒன்பதுக்கு அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, இரண்டு அண்டாவில் மூடினேன். காலை ஐந்தரைக்குப் பொங்கியிருக்க வேண்டும், ஆறரைக்கு டெலிவரி. எக்செல்லில் இதற்கும் ஒரு கட்டம். மாதம் மே என்பதற்குத்தான் கட்டம் இல்லை. கத்திரி வெயிலில் தாம்பரத்துச் சமையலறை ராத்திரியிலும் ஆறுவதில்லை. மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்தச் சூடு தீபாவளி போனஸ் மாதிரி. டிசம்பரில் பத்து மணி நேரம் இழுத்தடிக்கிறவை, மே மாதம் ஐந்து மணி நேரத்தில் முடித்துவிட்டு மேலே வேலை கேட்கும்.

இரண்டரை மணிக்கு ஏதோ சத்தம். அண்டாவின் மூடி தரையில். மாவு மேடையிலிருந்து வழிந்து, கேஸ் அடுப்பைச் சுற்றிக்கொண்டு, ஜாதகம் இருந்த லேப்டாப்பை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"பன்னெண்டு மணிக்கே ஃபிரிட்ஜுல வெச்சிருக்கணும்."

"சொல்லியிருக்கலாமேம்மா!"

"எந்தக் கட்டத்துல சொல்றது?"

அண்டாவில் மிஞ்சியதை மறுபடி கலக்கி, எட்டு வீட்டுக்குக் கொடுத்தேன். பகல் முழுக்க போனைத் தொடவில்லை. சாயங்காலம் லிஃப்டில் மூன்றாம் மாடி மாமா பிடித்துக்கொண்டார்.

"மாவு புளிச்சிருந்தது தம்பி."

"மாமா, பணத்தைத் திருப்பிக்..."

"சேச்சே. இட்லி ஊத்திப் பார்த்தோம், சரிப்படலை. வெங்காயம் தூவி ஊத்தப்பம் போட்டோம், பிரமாதம். நாளைக்கும் அதே மாதிரி ரெண்டு கிலோ புளிக்கவெச்சுக் குடு."

இரவு அம்மாவிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "ஊத்தப்பத்துக்குச் சின்ன வெங்காயம்தான் ருசி, அதையும் நீயே உரிச்சுக் குடுத்துடேன்" என்றாள்.