பொடியெழுத்து மாமா

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கோடை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துக் கதை படித்துக் காட்டுவார். கையில் 'அற்புத உலகில் ஆலிஸ்'. சாதா ஆலிஸ் அல்ல. மார்ட்டின் கார்ட்னர் குறிப்புகள் எழுதி 1960-இல் வெளியிட்ட பதிப்பு. லூயிஸ் கரோலின் கதை பெரிய எழுத்தில், கார்ட்னரின் குறிப்புகள் ஓரத்தில் பொடியெழுத்தில். மாமாவின் கண்ணாடிக்குப் பொடியெழுத்து மட்டுமே தெரியும்.

முயல் வளைக்குள் ஆலிஸ் விழுகிறாள். மாமா விழவிட்டால்தானே! பூமியைக் குறுக்கே துளைத்து உள்ளே ஒன்றைப் போட்டால் என்ன ஆகும்? புளூட்டார்க் யோசித்திருக்கிறார், கலிலியோதான் சரியாகச் சொன்னார். மறுமுனைவரை போகும், திரும்பி வரும், காற்றின் தடை இல்லையென்றால் போய்ப் போய் வந்துகொண்டே இருக்கும். தாளில் வட்டம் போட்டு இதை விளக்குகிறார்.

"மாமா, ஆலிஸ் கீழ விழுந்தாளா இல்லையா?"

"இரும்மா, அவ கையில இருக்கிற ஜாம் ஜாடிக்கு ஒரு குறிப்பு இருக்கு."

குறிப்புகளைக் குறை சொல்லமாட்டேன். 'நாலஞ்சு பன்னிரண்டு' என்று ஆலிஸ் உளறுகிறாளே, 18-ஐ அடிமானமாக வைத்து எழுதினால் அது சரியான விடை. 'நாலாறு பதிமூன்று' 21-ஐ வைத்தால் சரி. கரோல் கணித ஆசிரியர், வேண்டுமென்றே செய்திருக்கலாம். எனக்கே இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. ஆனால் வாய்ப்பாடு தப்பாக ஒப்பிக்கும் ஒருத்தி கிடைத்தாளே என்று கைகொட்டிச் சிரித்த பிள்ளையிடம், 'அவள் சொன்னது சரிதான்' என்று அன்றைக்கே நிரூபிப்பது அக்கிரமம். இரண்டு வருஷம் சிரிக்கட்டுமே, குறிப்பு எங்கே போய்விடப்போகிறது?

மாமாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கிறுக்குத் தொப்பிக்காரன் வந்தால் கதைக்கு முன் பாதரசம் வரும்: அந்தக் காலத்தில் தொப்பிக்கான ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசம் சேர்ப்பார்கள், தொழிலாளிகளுக்குக் கை நடுங்கும், புத்தி தடுமாறும். பிள்ளைகள் ஒவ்வொருவராக லிஃப்ட் பக்கம் நகர்வார்கள்.

கடைசியாக மிஞ்சிய சிறுமியிடம் தொப்பிக்காரனின் விடுகதையைப் போடுகிறார். அண்டங்காக்கையும் எழுதுமேசையும் எதில் ஒன்று? முதலில் கரோலிடமே விடை இல்லை, பிறகு 1896-இல் ஒன்று சொன்னார், மற்றவர்கள் சொன்னவை இவை என்று மாமா விரல் மடக்கத் தொடங்குமுன் அவள் சொல்லிவிட்டாள்:

"எங்க வீட்டுல காக்காவுக்கும் சோறு வைப்பாங்க, எழுதுமேசையிலயும் சோறுதான் வைப்பாங்க, மாமா."

மாமா சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கார்ட்னரின் குறிப்புக்குக் கீழே, அதைவிடப் பொடியாக எழுதிக்கொண்டார். அடுத்த கோடையில் வரும் பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்துப் படிக்கவேண்டும் அல்லவா.