பாக்கெட் மாவா, சொந்த மாவா?

இந்த வாரத் தபால் கட்டில் பாதிக்குப் பாதி ஒரே விஷயம்: கம்ப்யூட்டரைக் கம்பெனிப் பெட்டியாக வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கி மாட்டுவதா? ஆகவே சினிமாவுக்கும் அரசியலுக்கும் ஒரு வாரம் விடுமுறை.

'நடுவில் மாட்டிக்கொண்டவன்', கும்பகோணம்
கே: வீட்டில் இரண்டு கட்சி. மகன் 'அசெம்பிள்டு' என்கிறான், மனைவி 'பிராண்டட்' என்கிறாள். நான் எந்தப் பக்கம் நிற்பது?

ப: மனைவி பக்கம் என்று உரக்கச் சொல்லிவிட்டு, தனியாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். இட்லி மாவு மூன்று வழியில் வீட்டுக்கு வருகிறது. ஒன்று, கடையில் பாக்கெட் மாவு. அது பிராண்டட். இரண்டு, அரிசி உளுந்து வாங்கி, ஊறவைத்து, நம் கிரைண்டரில் நாமே அரைப்பது. அது சொந்தமாக மாட்டுவது. மூன்று, ஊறவைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் கடையில் அரைத்து வருவது. சென்னை ரிச்சி தெருவிலும் உங்கள் ஊர்க் கடைகளிலும் நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். பாகங்களை நீங்கள் சொல்கிறீர்கள், கடைக்காரர் மாட்டித் தருகிறார். மூன்று மாவிலும் இட்லி வேகும். இட்லி கல்லாகிவிட்டால் யாரைக் கேட்பது என்பதில்தான் வித்தியாசம். அதை முதலில் முடிவு செய்யுங்கள், கட்சிகள் தாமாகக் கலைந்துவிடும்.

'மாமனார் சொல் தட்டாதவன்', சேலம்
கே: அசெம்பிள்டு என்றாலே மட்டம் என்கிறாரே என் மாமனார்?

ப: 1981 ஆகஸ்ட் 12-ல் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. பிராசசர் இன்டெல்லுடையது, டாஸ் என்ற இயங்குதளம் மைக்ரோசாஃப்ட் தந்தது, இன்னும் பல பாகங்களும் வெளியார் சரக்கு. ஐ.பி.எம்.முக்கே உரியதாகப் பூட்டி வைத்திருந்தது பயாஸ் என்ற சின்ன மென்பொருளைத்தான். காம்பாக் நிறுவனம் அதையும் காப்பியடிக்காமல் புதிதாக எழுதிக்கொண்டது. அந்தப் பூட்டு திறந்த பிறகுதான் உலகமெங்கும் ஆளாளுக்குக் கம்ப்யூட்டர் மாட்ட ஆரம்பித்தார்கள். 1984-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ஒரு கல்லூரி மாணவர் ஹாஸ்டல் அறையில் இருந்தபடியே கம்ப்யூட்டர்களுக்குக் கூடுதல் பாகம் மாட்டி விற்றார். அவர் பெயர் மைக்கேல் டெல். மாமனார் மேஜையில் டெல் பெட்டி இருந்தால், அது ஹாஸ்டல் அசெம்பிள்டின் வாரிசு என்று பணிவாகச் சொல்லுங்கள். பண்டிகை முடிந்த பிறகு சொல்வது நல்லது.

'சிக்கனம்', சிவகாசி
கே: நாமே மாட்டினால் பாதி விலைக்கு முடிந்துவிடுமாமே?

ப: அது ஒரு காலம். இப்போது கடைக்கணக்கு, பள்ளிப் பாடம், டைப்பிங் போன்ற வேலைக்கான சாதாரணக் கம்ப்யூட்டரில் கம்பெனிக்காரர்களோடு நம்மால் விலையில் மோத முடியாது. அவர்கள் லட்சக்கணக்கில் பாகம் வாங்குகிறவர்கள், நாம் ஒன்றே ஒன்று வாங்குகிறவர்கள். விண்டோஸும் அவர்களுக்கு மொத்த விலையில் கிடைக்கிறது. நாம் மாட்டினால் அதற்குத் தனிக்காசு. கம்பெனிப் பெட்டியோடு வரும் விண்டோஸ் பொதுவாக அந்த மதர்போர்டோடு கட்டிப்போட்டது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பெட்டி போனால் அதுவும் போச்சு.

பெரிய கேம், வீடியோ எடிட்டிங் என்று கிராபிக்ஸ் கார்டு கேட்கும் வேலையானால் கணக்கு மாறும். எதற்குச் செலவு, எதில் சிக்கனம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். கம்பெனிப் பெட்டியில் வெளியே எழுதி விளம்பரம் செய்ய முடிகிற பாகம் தடபுடலாகவும், எழுத முடியாத பாகம் சுமாராகவும் இருப்பது வழக்கம்.

இன்னொன்று, ரேம் விலை. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. நம் கடைகளில் பழகிய 'குரூஷியல்' ரேம் வியாபாரத்தை விட்டே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே போன தீபாவளிக்குச் சித்தப்பா மகன் மாட்டிய விலையை வைத்துப் பேரம் பேசாதீர்கள். இரண்டு வழிக்கும் ஒரே நாளில் கொட்டேஷன் வாங்கி, விண்டோஸையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

'அதிர்ஷ்டசாலி', ஈரோடு
கே: 'ஐ7, 16 ஜி.பி. ரேம், விலை 18 ஆயிரம்' என்று ஒரு கடை போர்டு. அள்ளிவிடலாமா?

ப: ஐ7 என்பது வெறும் இனிஷியல். முழுப்பெயரைக் கேளுங்கள். 'ஐ7-4770' என்று பதில் வந்தால் அது 2013-ல் பிறந்தது. எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்து, ஓய்வுபெற்று, குளிப்பாட்டி, பொட்டு வைத்து வந்திருக்கிறது. 2022-ல் வந்த ஐ3-12100 அந்த ஐ7-ஐச் சுலபமாக முந்திவிடும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8-ம் தலைமுறையாவது வேண்டும்; இந்த ஐ7 அதற்கும் மூத்தது. பழையது என்று தெரிந்தே, பழைய விலைக்கு வாங்கினால் தப்பில்லை. பழையதைப் புதுப் பெண் என்று நினைத்துத் தாலி கட்டுவதுதான் தப்பு.

'இலவசம் விரும்பி', திண்டுக்கல்
கே: கேபினெட் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்கிறார் கடைக்காரர். நல்ல மனிதர்தானே?

ப: மனிதர் நல்லவர்தான், எஸ்.எம்.பி.எஸ். எப்படியோ தெரியாது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 என்று இறக்கிக் கம்ப்யூட்டருக்கு ஊட்டுகிற தாய் அது. மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தனியாகப் போகாது. மதர்போர்டையும் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம். ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். '80 பிளஸ்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த சுமை, பாதிச் சுமை, முழுச் சுமை மூன்றிலும் உள்ளே போகும் மின்சாரத்தில் 80 சதவீதமாவது உபயோகமாக வெளியே வரும் என்று சோதித்ததற்கு அடையாளம் அது.

கம்பெனிப் பெட்டி வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அதில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை அளந்துதான் வைத்திருப்பார்கள். பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு மாட்டலாம் என்றால் மின்சாரம் போதாது. மாற்றலாம் என்றால் சில மாடல்களில் அதன் பிளக்கே தனி ஜாதி. எந்த போர்டும் எந்தக் கேபினெட்டிலும் உட்காரட்டும் என்று 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவை எல்லோரும் மதிப்பதில்லை. 'பிற்பாடு கார்டு போட முடியுமா?' என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

'கலர் பிரியன்', கோவை
கே: உள்ளே கலர் கலராக லைட் எரிந்தால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?

ப: மண்டபத்தில் சீரியல் லைட் போட்டால் சாம்பார் ருசிக்குமா?

'பயந்த அம்மா', தேனி
கே: பிளஸ் டூ முடித்த மகள், தானே கம்ப்யூட்டர் மாட்டப் போவதாகச் சொல்கிறாள். ஷாக் அடிக்குமா? விடலாமா?

ப: விடுங்கள் அம்மா. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மாட்டுவதால் ஷாக் பயமில்லை. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்கக் கூடாது. ஒரு ஸ்குரூ டிரைவர், நல்ல வெளிச்சம், தம்பி இல்லாத அரைநாள், இவ்வளவு போதும். முதலில் கேபினெட்டின் இரும்பைத் தொடச் சொல்லுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

பிராசசரின் ஒரு மூலையில் குட்டி முக்கோணம் இருக்கும். மதர்போர்டிலும் ஒன்று இருக்கும். இரண்டையும் பொருத்தினால் தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. ரேம் அதற்கு நேர்மாறு. தைரியமாக அழுத்த வேண்டும், 'டக்' என்று சத்தம் வர வேண்டும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாளா என்று நீங்களே ஒருமுறை கேளுங்கள். மறப்பவர்கள் உண்டு. தெர்மல் பேஸ்ட் தனியாக வைப்பதானால் ஒரு பட்டாணி அளவு போதும்; அது தோசைக்குத் தடவும் எண்ணெய் அல்ல.

நான் முதன்முதலில் மாட்டிய அன்று ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, திரை மட்டும் அமாவாசை. இரண்டு மணி நேரம் மானிட்டரைத் திட்டினேன். பிறகுதான் பார்த்தேன்: மதர்போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாக ஒரு 8 பின் மின்கேபிள். அதை மாட்டவே இல்லை! மானிட்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் மகளுக்கும் இருட்டுத் திரை வந்தால் அழவேண்டாம். அந்தக் கேபிள், ரேம், மானிட்டர் வயர் சொருகிய இடம், இந்த மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் வயர் அதில்தான் சொருக வேண்டும், மதர்போர்டில் அல்ல.

'அவசரக்காரன்', திருநெல்வேலி
கே: ஒரே மாதிரி இரண்டு பிராசசர். கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ளது மட்டும் விலை குறைவு. அதையே வாங்கிவிடவா?

ப: அந்த 'எஃப்'புக்கு அர்த்தம், உள்ளே கிராபிக்ஸ் வசதி கிடையாது என்பது. தனிக் கார்டு போடுகிறவருக்கு லாபம். போடாதவருக்குத் திரையில் ஒன்றுமே வராது. ஓர் எழுத்தில் தலையெழுத்து.

'கறார்', மதுரை
கே: 'பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்' என்கிறாரே கடைக்காரர்?

ப: மிச்சம் உங்களுக்கு இன்று, அவருக்கு என்றைக்கும். பில் இல்லாவிட்டால் ரிப்பேர் ஆன அன்று அந்தக் கடைக்காரருக்கு உங்கள் முகமே ஞாபகம் வராது.

'தூரத்து ஊர்க்காரன்', ராமநாதபுரம்
கே: அசெம்பிள்டுக்கு வாரன்டியே கிடையாதா?

ப: உண்டு, ஆனால் துண்டு துண்டாக. பெட்டியோடு வாங்கிய பிராசசருக்கு 3 வருடம், ரேம் பலவற்றுக்கு 10 வருடமோ அதற்கு மேலோ, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தரத்தைப் பொறுத்து. கூட்டிப் பார்த்தால் கம்பெனிப் பெட்டியின் ஒரு வருடத்தைவிட அதிகம்தான். ஆனால் கெட்டது எந்தப் பாகம் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அதைக் கழற்றி, பஸ் ஏறி, சர்வீஸ் சென்டரில் டோக்கன் போட்டுக் காத்திருப்பதும் உங்கள் வேலை. கம்பெனிப் பெட்டியில், வீட்டுக்கே வரும் சர்வீஸ் என்று போட்டிருந்தால், ஒரு போன் போதும். உங்கள் ஊருக்கு ஆள் வருவார்களா என்று மட்டும் வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு, ஒரு வாரம் அது படுத்தால் ஆகும் நஷ்டம், அசெம்பிள் செய்து மிச்சம் பிடித்ததைவிடப் பெரிது.

'நேர்மையானவன்', தஞ்சாவூர்
கே: 'ஒரிஜினல் விண்டோஸ், காசே வேண்டாம்' என்று போட்டுத் தருகிறார்களே?

ப: 'ஒரிஜினல்', 'காசே வேண்டாம்' இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் ஒன்று பொய். நிஜமாகவே இலவசம் வேண்டுமா? உபுண்டு இருக்கிறது, மத்திய அரசின் சி-டாக் அமைப்பு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இருக்கிறது. இந்தியாவில் பிறந்த பாஸ் ஒருவர் சம்பளமே கேட்காமல் வேலை செய்யத் தயாராக இருக்கிறார்.

'பக்தன்', ஸ்ரீரங்கம்
கே: ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

ப: வெளியே வையுங்கள், காற்றோட்ட ஓட்டையில் வேண்டாம். ஆனால் அந்தப் பூஜையில் பொட்டுக்கு முந்திய வேலை ஒன்று உண்டு: கருவியைத் துடைத்துச் சுத்தம் செய்வது. கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அதை மறந்து நேராகப் பொட்டுக்குப் போய்விடுகிறோம். கேபினெட்டைத் திறந்து, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதித் தள்ளுங்கள். சொந்தமாக மாட்டியவர்களுக்கு இது கைவந்த வேலை. கம்பெனிப் பெட்டிக்காரர்கள் முதலில் வாரன்டி ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள்ளவும்.

'இன்னும் முடிவெடுக்காதவன்', வேலூர்
கே: கடைசியாகத் தீர்ப்பைச் சொல்லுங்கள். வாங்கவா, மாட்டவா?

ப: அலுவலக வேலை, கடைக்கணக்கு, வயதான பெற்றோர் என்றால் கம்பெனிப் பெட்டி. கேம், எடிட்டிங், நாலு வருடம் கழித்து ஒரு பாகத்தை மட்டும் மாற்றும் எண்ணம் என்றால் பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுங்கள், நம்பிக்கையான கடைக்காரர் மாட்டட்டும். ஒரு கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கற்க ஆசை என்றால் நீங்களே மாட்டுங்கள்.

எந்த வழியானாலும் பணம் எண்ணுவதற்கு முன் பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். ஐந்துக்கும் கம்பெனியும் மாடல் எண்ணும் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையைத் தாண்டி அடுத்த கடைக்கு நடங்கள். ரிச்சி தெருவில் அடுத்த கடை நாலு எட்டுதான்.